செருகியை எடுத்தால் அணைந்துவிடும் மடிக்கணினி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உறவினர்களும் அண்டை வீட்டாரும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் கேட்கும் கேள்விகளில் இதுதான் முதலிடத்தில் இருக்கிறது. சார்ஜர் செருகியிருக்கும் வரை நன்றாக ஓடும், செருகியை எடுத்த கணமே திரை கறுத்துவிடும். சிங்கப்பூரில் 2020இல் 'சர்க்கிட் பிரேக்கர்' என்ற கோவிட் முடக்கக் காலத்தில் வீட்டு வேலைக்கும் படிப்புக்குமாக வாங்கிய கணினிகள் பலவற்றுக்கு இப்போது இந்த வயது வந்துவிட்டது. யாரிடமும் ஒரு வெள்ளிகூடக் கொடுக்கும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றைத்தான் முதலில் சொல்கிறேன்.

பேட்டரி 60 விழுக்காடு என்று காட்டுகிறது. பிறகு ஏன் அணைகிறது?

அந்த 60 ஒரு கணக்கீடு. பேட்டரிக்குள் இருக்கும் சிறு சில்லு உள்ளே போன மின்சாரத்தையும் வெளியே வந்ததையும் கூட்டிக் கழித்து அந்த எண்ணைச் சொல்கிறது. கணினி ஓடுவதும் அணைவதும் பேட்டரி தரும் மின்னழுத்தத்தைப் பொறுத்தது.

பெரும்பாலான மடிக்கணினிகளில் லித்தியம் அயனிக் கலங்கள் வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். ஒரு கலம் முழுமையாக ஏறினால் ஏறத்தாழ 4.2 வோல்ட், 3 வோல்ட் அளவுக்கு இறங்கினால் காலி. மூன்று கலம் கொண்ட பேட்டரி என்றால் 12.6 வோல்ட்டுக்கும் 9 வோல்ட்டுக்கும் இடையில் வேலை செய்யும். வயதாக வயதாகக் கலத்தின் உள்தடை கூடிக்கொண்டே போகும். மேல்தொட்டியில் தண்ணீர் இருந்தும் குழாய் அடைத்துக்கொண்டால் கீழே சொட்டுச் சொட்டாகத்தானே வரும், அந்த நிலைதான்.

எண்களில் பாருங்கள். பேட்டரி 12 வோல்ட்டில் இருக்கிறது, கணினிக்கு 30 வாட் தேவை என்று வையுங்கள். 2.5 ஆம்பியர் ஓட வேண்டும். உள்தடை 0.2 ஓம் என்றால் அரை வோல்ட் குறையும், கணினிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அதே உள்தடை 1 ஓமுக்கு ஏறிவிட்டால் 2.5 வோல்ட் விழுந்து 9.5 வோல்ட்தான் மிஞ்சும். அந்த நேரத்தில் ஒரு காணொளி அழைப்பு வந்து செயலி கொஞ்சம் வேகமெடுத்தால் 9க்குக் கீழே போய்விடும். பாதுகாப்புச் சுற்று உடனே இணைப்பைத் துண்டிக்கும். திரையில் 60 என்று இருக்கும்போதே கணினி அணைவது இப்படித்தான். மூன்றில் ஒரு கலம் மட்டும் நலிந்திருந்தாலும் இதே கதைதான்.

கோளாறு பேட்டரியிலா, விண்டோஸிலா, உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையான போர்டிலா? எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் அது அணையும் விதத்தைக் கவனியுங்கள். 'ஷட் டவுன் ஆகிறது' என்று எழுத்து வந்து முறையாக மூடினாலோ, பிறகு சார்ஜர் செருகித் திறக்கும்போது விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தாலோ, அது விண்டோஸே எடுத்த முடிவு. பேட்டரி மிகக் குறைந்துவிட்டதாக நினைத்து, திறந்திருந்தவற்றைச் சேமித்துவிட்டு அணையும் ஹைபர்நேட் நிலைக்குப் போயிருக்கிறது. எந்த அறிவிப்பும் இல்லாமல், மின்விசிறிச் சத்தம்கூடச் சட்டென்று நின்றால், மின்சாரமே போயிருக்கிறது என்று பொருள். அப்படி நின்றிருந்தால் அடுத்த முறை கணினி தொடங்கியதும் விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 'கர்னல் பவர் 41' என்ற பதிவு இருக்கும். அது திடீரென மின்சாரம் போனதற்கான அடையாளம் மட்டுமே, காரணத்தைச் சொல்லாது.

அடுத்தது, நான் எல்லாரையும் செய்யச் சொல்லும் சோதனை. கோப்புகளையெல்லாம் சேமித்துவிட்டுக் கணினியை அணையுங்கள். சார்ஜர் செருகியபடியே மீண்டும் திறந்து, உடனே எஃப்2 அல்லது டெலீட் விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸ் திரை வரும். எச்பி கணினிகளில் எஸ்கேப் தட்டிப் பிறகு எஃப்10, திங்க்பேடில் எஃப்1. அந்தத் திரையில் விண்டோஸ் இன்னும் தொடங்கியிருக்காது. இப்போது செருகியை எடுங்கள். அங்கேயும் உடனே அணைந்தால் விண்டோஸ்மீது பழி போட இடமில்லை. பேட்டரியோ அதன் இணைப்போ போர்டோதான். வன்பொருளை இயக்கும் மென்பொருளான டிரைவரை மாற்றுவது, விண்டோஸை அழித்துப் போடுவது எல்லாம் அதன் பிறகு வீண் வேலை. பயாஸில் கால் மணி நேரம் அசையாமல் நின்று, விண்டோஸில் மட்டும் அணைகிறது என்றால் இரண்டு வாய்ப்புகள் உண்டு. பயாஸில் மின்சாரத் தேவை திடீரென எகிறாது என்பதால் நலிந்த பேட்டரி அங்கே தாக்குப்பிடித்திருக்கலாம். இல்லாவிட்டால் அமைப்புகளில் ஏதோ இருக்கிறது. அடுத்த கேள்வியில் வரும் அறிக்கை அதைத் தெளிவாக்கிவிடும்.

பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று எனக்கே தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும், காசு செலவில்லாமல். விண்டோஸில் கட்டளைகளை எழுதும் சாளரமான கமாண்ட் பிராம்ப்டைத் திறங்கள். 'பவர்' என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி ஆகிய மூன்று எழுத்துகளை ஒட்டி எழுதுங்கள். ஓர் இடைவெளி. பிறகு கேள்விக்குறி விசையில் இருக்கும் சாய்கோடு. அதை ஒட்டி 'பேட்டரி', 'ரிப்போர்ட்' என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களையும் இடைவெளி விடாமல் எழுதி என்டர் தட்டுங்கள். அறிக்கை எந்த இடத்தில் சேமிக்கப்பட்டது என்று அடுத்த வரி சொல்லும். அந்தக் கோப்பைப் பிரவுசரில் திறக்கலாம்.

அதில் இரண்டு எண்களை மட்டும் தேடுங்கள்: 'டிசைன் கெப்பாசிட்டி', 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி'. முதலாவது, தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த கொள்ளளவு. இரண்டாவது, இன்று முழுமையாக ஏற்றினால் பிடிப்பது. முதலாவது 50,000, இரண்டாவது 21,000 என்று இருந்தால் 42 விழுக்காடுதான் மிச்சம். அப்படிப்பட்ட பேட்டரி செருகியை எடுத்ததும் அணைவதில் வியப்பே இல்லை. 80க்கு மேல் இருந்தால் பேட்டரியை மாற்றும் முன் மற்றக் காரணங்களைப் பார்ப்பேன். இடைப்பட்ட எண் என்றால் பயாஸ் சோதனையையும் சேர்த்து முடிவெடுங்கள்.

அறிக்கையில் பேட்டரி என்ற பகுதியே வெறுமையாக இருந்தால், கணினிக்குத் தன் பேட்டரி இருப்பதே தெரியவில்லை. உள்ளே இணைப்பு தளர்ந்திருக்கலாம், பாதுகாப்புச் சுற்று நிரந்தரமாகத் துண்டித்திருக்கலாம்.

மேக்புக்கிலும் குரோம்புக்கிலும்?

மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், பேட்டரி, பேட்டரி ஹெல்த் என்று போனால் 'நார்மல்' அல்லது 'சர்வீஸ் ரெக்கமெண்டட்' என்று இருக்கும். அண்மை ஆண்டு மேக்புக்குகளுக்கு ஆப்பிள் வைத்திருக்கும் அளவு 1,000 சார்ஜ் சுழற்சிகள் (பேட்டரியின் முழு அளவு ஒருமுறை செலவானால் ஒரு சுழற்சி). குரோம்புக்கில் 'டயக்னாஸ்டிக்ஸ்' செயலியே பேட்டரியின் நிலையைக் காட்டும்.

ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டேன். காலையில் எடுத்ததும் அணைந்துவிட்டது. பேட்டரி போய்விட்டதா?

ஏறியதா என்று முதலில் பாருங்கள். சார்ஜர் செருகியிருப்பதும் பேட்டரி ஏறுவதும் வெவ்வேறு. யுஎஸ்பி சி வழியாகச் சார்ஜ் ஆகும் கணினிகள் வந்த பிறகு, கைப்பேசியின் 20 வாட் சார்ஜரை 65 வாட் கேட்கும் கணினியில் செருகுவது சாதாரணமாகிவிட்டது. கணினி ஓடும், ஆனால் பேட்டரி மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும். 'ஸ்லோ சார்ஜர்' என்ற அறிவிப்பு மூலையில் வந்து போயிருக்கும், பலர் அதைக் கவனிப்பதில்லை.

வட்டமுனைச் சார்ஜர்களில் இன்னொரு சிக்கல். சில டெல் கணினிகளில் முனையின் நடுவில் இருக்கும் மெல்லிய ஊசி வழியாகத்தான் 'நான் இத்தனை வாட் சார்ஜர்' என்ற தகவல் போகும். அந்த ஊசி வளைந்தாலோ, கம்பி முனையருகே அறுந்தாலோ, கணினி ஓடும், பேட்டரி மட்டும் ஏறாது. கணினியைத் திறக்கும்போது சார்ஜரின் வகை தெரியவில்லை என்ற அறிவிப்பு வந்தால் இதுதான். அதே மாதிரி சார்ஜரை அலுவலக நண்பரிடம் இரவல் வாங்கிச் செருகிப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

80லேயே நிற்கிறது, 60லேயே நிற்கிறது என்றால் பயப்பட வேண்டாம். பேட்டரியின் ஆயுளைக் காக்க லெனோவோ, ஏசஸ் போன்ற நிறுவனங்களின் மென்பொருளில் அப்படி ஒரு வரம்பு இருக்கிறது.

ஊரிலிருந்து கொண்டுவந்த சார்ஜரை இங்கே பயன்படுத்தலாமா?

சார்ஜர் பெட்டியின் அடியில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருந்தால் மின்சாரத்தில் சிக்கலில்லை. சிங்கப்பூரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், இந்தியாவிலும் அதே. பிளக் வடிவம்தான் வேறு. இங்கே தட்டையான மூன்று முனை. சுவர் சாக்கெட்டின் மேல் ஓட்டையில் பேனாவையோ குச்சியையோ விட்டு மூடியைத் திறந்து இரண்டு முனை பிளக்கைத் திணிப்பதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். பிளக் தளர்ந்து பொறி பறக்கும், சார்ஜரும் கெடும், கையும் சுடும். பெரும்பாலான சார்ஜர்களில் சுவரிலிருந்து வரும் கம்பியைத் தனியே கழற்றலாம். மூன்று முனை பிளக் உள்ள கம்பியை மட்டும் கடையில் வாங்கிப் பொருத்திக்கொள்ளுங்கள்.

புதுச் சார்ஜரே வாங்குவதாக இருந்தால் 'சேஃப்டி மார்க்' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மடிக்கணினிச் சார்ஜர்கள் இங்கே அந்த முத்திரையுடன்தான் விற்கப்பட வேண்டும்.

டிரைவரை நீக்கிப் போட்டால் சரியாகும் என்கிறார்களே?

கணினி பேட்டரியைத் தவறாகப் படிக்கும்போது உதவும். டிவைஸ் மேனேஜரில் பேட்டரிகள் என்ற பகுதியின்கீழ் 'ஏசிபிஐ' என்று தொடர்ந்து வரும் பேட்டரி வரியை நீக்கிவிட்டுக் கணினியை மறுபடி தொடங்கினால் விண்டோஸ் தானே அதை மீண்டும் சேர்த்துக்கொள்ளும். சார்ஜரைக் கழற்றி, கணினி அணைந்த நிலையில் பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடிப்பதும் செய்து பார்க்கத் தக்கதே. முழுக்க ஏற்றி, நன்றாக இறக்கி, மீண்டும் ஏற்றினால் விழுக்காட்டு எண் உண்மைக்கு நெருங்கி வரும். தேய்ந்துபோன கலத்தை இவை எதுவும் திரும்பக் கொண்டுவராது.

பயாஸைப் புதுப்பிக்கச் சொன்னால் ஒரு வார்த்தை: செருகியை எடுத்தால் அணையும் கணினியில் பாதியில் மின்சாரம் போனால் போர்டே பாழாகலாம். கோப்புகளைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் மீட்புச் சாவியையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போதும் செருகியபடியே வைத்திருந்தேன். அதனால்தான் கெட்டதா?

ஓரளவுக்கு ஆமாம். லித்தியம் கலத்துக்கு ஆகாதவை இரண்டு: முழுமையாக ஏறியே கிடப்பது, சூடு. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் வெயில். குளிரூட்டி இல்லாத அறையில், மெத்தைமேல் வைத்து, நாள் முழுக்கச் செருகி ஓட்டினால் இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. மேசையில் வையுங்கள், அடியில் காற்றுப் போக இடம் விடுங்கள், 80 விழுக்காட்டு வரம்பு இருந்தால் போட்டுவிடுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுப் போகாதீர்கள்.

டச்பேட் மேலே எழும்பியிருக்கிறது. மூடியும் சரியாக மூடவில்லை.

பேட்டரி உப்பிவிட்டது. இதற்கு மேல் எந்தச் சோதனையும் வேண்டாம். கணினியை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, மறுபடி சார்ஜ் செய்யாதீர்கள். மேசையில் வைத்தால் ஆடுவது, டச்பேட் அழுந்தாமல் இறுகியிருப்பது, விசைப்பலகையின் நடுப்பகுதி மேடாவது எல்லாம் இதன் அடையாளங்கள்தாம்.

உப்பியிருப்பது கலம் சிதைந்து உள்ளே சேர்ந்த வாயு. அழுத்தினால், குத்தினால், கத்தி விட்டுக் கிளப்பினால் தீப்பற்றக்கூடும். மூடியை அழுத்தி மூடிப் பையில் போடுவதும் அழுத்தம்தான். சிமெண்ட் அல்லது ஓட்டுத் தரையில், திரைச்சீலை, மெத்தை, காகிதம் அருகில் இல்லாமல் வையுங்கள். வீட்டுக் கதவுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், தீப்பிடித்தால் வெளியேறும் வழி அதுதானே. புகையோ சீறும் சத்தமோ வந்தால் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியேறி 995 என்ற எண்ணில் சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையை அழையுங்கள்.

கணினி இன்னும் ஓடுகிறதே, தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போடும் பெற்றோர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இன்றைக்கே நிறுத்துங்கள். பாடத்தை வேறு கணினியில் செய்துகொள்ளலாம்.

பேட்டரியை எங்கே மாற்றுவது? கடையில் என்ன கேட்க வேண்டும்?

உத்தரவாதம் இருந்தால் நிறுவனத்தின் சேவை நிலையம். இல்லாவிட்டால் சிம் லிம் சதுக்கம் போன்ற இடங்களிலும் அக்கம்பக்கத்துக் கடைத்தொகுதிகளிலும் மாற்றித் தருகிறார்கள். பேட்டரி அறிக்கையைக் கைப்பேசியில் படம் எடுத்துக் கொண்டு போங்கள். 'போர்டு போச்சு' என்று யாராவது சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்க உங்கள் கையில் ஓர் ஆதாரம் இருக்கும்.

கேட்க வேண்டியவை: நிறுவனத்தின் அசல் பேட்டரியா, வேறு தயாரிப்பா? எத்தனை மாத உத்தரவாதம்? ரசீதில் அதை எழுதித் தருவீர்களா? மொத்தச் செலவு எவ்வளவு, பிறகு கூடுமா? மாற்றிய பிறகு என் கண்முன்னே செருகியை எடுத்துக் காட்டுவீர்களா?

பேட்டரி மாற்ற உங்கள் கடவுச்சொல் தேவையில்லை. பயாஸ் திரையிலேயே சோதித்துவிடலாம். முக்கியமான கோப்புகளைப் படியெடுத்து வைத்துவிட்டுக் கொடுங்கள்.

புது பேட்டரி போட்டும் அதே கதை.

பயாஸ் திரைச் சோதனையை மறுபடி செய்யுங்கள். உள்ளே பேட்டரியின் தட்டை இணைப்பு முழுதாக உட்காராமல் இருப்பது அடிக்கடி நடப்பதுதான். மலிவான பேட்டரிகளில் எழுதியிருக்கும் கொள்ளளவும் உண்மையானதும் வேறாக இருக்கலாம், நெடுநாள் கிடங்கில் கிடந்ததாகவும் இருக்கலாம். பேட்டரி நன்றாக ஏறுகிறது, அறிக்கையிலும் எண்கள் சரி, ஆனாலும் செருகியை எடுத்ததும் அணைகிறது என்றால் போர்டில் சார்ஜருக்கும் பேட்டரிக்கும் இடையே மாற்றிவிடும் சுற்றைப் பார்க்க வேண்டும். அது வீட்டில் செய்யும் வேலை இல்லை.

வாங்கி ஐந்து மாதம்தான் ஆகிறது. கடைக்காரர் 'பேட்டரிக்கு உத்தரவாதம் இல்லை' என்கிறார்.

2012 செப்டம்பர் 1 முதல் சிங்கப்பூரில் 'லெமன் சட்டம்' நடப்பில் இருக்கிறது. பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்ததாகத்தான் கருதப்படும். அப்படி இல்லை என்று காட்ட வேண்டியது விற்றவர். பழுது பார்த்துத் தரவோ மாற்றித் தரவோ கேட்கலாம். இயல்பான தேய்மானத்துக்கு இது பொருந்தாது, ஆனால் ஐந்து மாதத்தில் செருகியை எடுத்ததும் அணைவது இயல்பான தேய்மானம் ஆகாது. ரசீதோடு, அணைவதைக் காட்டும் காணொளி ஒன்றையும் எடுத்து வையுங்கள். பேச்சு எடுபடாவிட்டால் பயனீட்டாளர் சங்கம், அதற்கும் பிறகு சிறு கோரிக்கை நடுவர் மன்றம்.

ஓராண்டு தாண்டியிருந்தால் உத்தரவாத அட்டையைக் கவனமாகப் படியுங்கள். கணினிக்கு மூன்றாண்டு கொடுக்கும் நிறுவனங்கள் பலவும் பேட்டரிக்கு ஓராண்டுதான் கொடுக்கின்றன.

மகளுக்குப் பள்ளி மூலம் வாங்கிய சாதனம். வெளியே கொடுத்துச் சரிசெய்யலாமா?

வேண்டாம். உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் கற்றல் சாதனங்களுக்குத் தனி உத்தரவாதமும் பழுதுபார்க்கும் ஏற்பாடும் உண்டு. வெளியே திறந்தால் அந்த உத்தரவாதம் போகலாம். பள்ளியின் தொழில்நுட்ப உதவி மேசைக்குத் தகவல் கொடுங்கள், வீட்டிலிருந்து கற்கும் நாளுக்குக் காத்திருக்காமல் முன்பே. அலுவலகக் கணினிக்கும் இதுவே.

மாற்றாமலே செருகி ஓட்டினால் என்ன?

உப்பாத பேட்டரி என்றால் ஓட்டலாம். இங்கே மின்தடை அரிது. ஆனால் பழுதான கேத்தல் ஒன்று வீட்டின் மின்துண்டிப்பானைத் தட்டிவிட்டாலே கணினி போய்விடும், கம்பியில் குழந்தையின் கால் பட்டாலும் போய்விடும். எழுதிக்கொண்டிருப்பது தானாகச் சேமிக்கப்படும்படி அமைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி இல்லாத நிலையில் சில கணினிகள் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும்.

பழைய கணினி வாங்கப் போகிறேன். எப்படிச் சோதிப்பது?

பழைய பொருள் விற்கும் கரோசல் தளத்தில் வாங்குபவர்கள் பெரும்பாலும் எம்ஆர்டி நிலையத்தில்தான் சந்திக்கிறார்கள். அங்கே செருக இடமில்லை என்பது உங்களுக்கு நல்லதே. கால் மணி நேரம் காணொளி ஓடவிடுங்கள், திரை வெளிச்சத்தைக் கூட்டி வையுங்கள், பேட்டரி அறிக்கையை எடுத்துப் பாருங்கள். விற்பவர் அவசரப்படுத்தினாலும் செய்யுங்கள். தனிநபரிடம் வாங்குவதற்கு லெமன் சட்டம் பொருந்தாது. கடையில் வாங்கும் பழைய கணினிக்குப் பொருந்தும்.

ஊருக்கு எடுத்துப் போய் மாற்றினால் மலிவாக இருக்குமே?

உப்பிய பேட்டரியோடு விமானம் ஏறக்கூடாது. அங்கிருந்து தனியாகப் பேட்டரி வாங்கி வந்தால் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக்கூடாது. பேட்டரியின் கொள்ளளவு 100 வாட் மணிக்குள் இருந்தால் பொதுவாகத் தடையில்லை, மடிக்கணினிப் பேட்டரிகள் பெரும்பாலும் அதற்குள்தான்.

கழற்றிய பழைய பேட்டரியை என்ன செய்வது?

புளோக்கின் கீழ் இருக்கும் நீல மறுசுழற்சித் தொட்டியிலும் போடக்கூடாது, வீட்டுக் குப்பைக் குழாயிலும் போடக்கூடாது. குப்பை லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும், அந்த லாரியில் வேலை செய்பவர்களும் மனிதர்கள். 2021 ஜூலை 1 முதல் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மேற்பார்வையில் மின்கழிவு சேகரிப்புத் திட்டம் நடக்கிறது. கடைத்தொகுதிகளிலும் சமூக மன்றங்களிலும் அதற்கான பெட்டிகள் இருக்கின்றன. பேட்டரி ஏற்கும் பெட்டிதானா என்று மேலே படித்துவிட்டு, இணைப்பு முனைகளை ஒட்டுநாடாவால் மூடிப் போடுங்கள். உப்பியதை அந்தப் பெட்டியில் போடாதீர்கள். மாற்றிக் கொடுக்கும் கடையோ சேவை நிலையமோ அதை எடுத்துக்கொள்ளுமா என்று கணினியைக் கொடுக்கும்போதே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.